விலை கூடின பெட்ரோலும் மேம்பாலத்தில் நின்ற காரும்

பெட்ரோல் பங்கில் கார் நின்றதுமே தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து வரப்போகும் வார்த்தை அவளுக்கு மனப்பாடம்.

“பிரீமியம் போடுப்பா. டேங்க் ஃபுல்லா!”

சொன்னவர் அவள் கணவர். ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் கம்பவுண்டர். விலை கூடின மாத்திரைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம், “ரெண்டுலயும் ஒரே மருந்துதாம்மா, காசை ஏன் கரைக்கிறீங்க?” என்று நாள் முழுக்கச் சொல்கிற மனிதர். அந்தப் புத்தி பெட்ரோல் பங்க் வாசலில் செருப்பு மாதிரி கழன்றுவிடும்.

“ஏங்க, மெக்கானிக் தலையில அடிச்சுக்கிட்டு சொன்னானே. இந்த இன்ஜினுக்கு சாதாவே போதும்னு டேங்க் மூடிக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கு. திணறலுக்குக் காரணம் ஸ்பார்க் பிளக்கு. அதை மாத்துங்கன்னான்.”

“அவன் கிடக்கான். இதைப் போட்டதும் எப்படி ஜம்முனு போகுது பாரு.”

“ஜம்முனு போறது உங்க மனசு. வண்டி பழையபடி இருமிக்கிட்டுத்தான் இருக்கு.”

பள்ளிச் சீருடை தைத்துத் தைத்துச் சேர்த்து, பிளக் மாற்றுவதற்கென்று அவள் கொடுத்த பணமும் இந்த டேங்குக்குள்தான் போயிற்று. அதை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

ஆனால் இன்றைய எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்தது. ரயிலில் அக்கா வருகிறாள். இரண்டு வருஷமாகப் பேசாத அக்கா. அத்தான் இறந்த அன்று இதே கார் பாதி வழியில் நின்றுவிட, இவர்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “வண்டி நின்னுடுச்சா? நல்லா ஜோடிக்கிறே கதையை!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். போன வாரம் திடீரென்று போன். “ஆஸ்பத்திரியில ஒரு டெஸ்ட். நீ ஸ்டேஷனுக்கு வந்தா உன் வீட்டுக்கு வரேன். வராட்டி லாட்ஜ்ல தங்கிக்கிறேன். அதோட சரி.”

அதோட சரி. அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை. டாக்ஸி பிடிக்கலாம் என்று கெஞ்சியும் கணவர் கேட்கவில்லை. நம்ம கார் ஓடுதுன்னு அக்காவுக்குக் காட்டணுமாம்!

காட்டியது கார். மேம்பாலத்து உச்சியைத் தொடப்போகும் இடத்தில் நாலு தரம் இருமி, குலுங்கி, அப்படியே உயிரை விட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின. ரயில் வந்திருக்கும். அக்கா போனை எடுக்கவில்லை.

“உங்க பிரீமியத்துல தீயை வைக்க!” அவள் குரல் உடைந்தது. “ஊருக்கெல்லாம் புத்தி சொல்வீங்களே, உங்களுக்கு மட்டும் எங்கே போச்சு?”

கம்பவுண்டர் பானெட்டைப் பார்த்தபடி நின்றார். “அன்னிக்கு அக்கா உன்னைப் பேசினது இன்னும் என் காதுலயே நிக்குது. இருக்கறதுலயே ஒசந்ததை ஊத்தினா இனிமே நிக்காதுன்னு நெனச்சேன்.”

அவளுக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டுக்கும் பாலத்தில் இடமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காரைத் தள்ளத் தொடங்கினாள். அது அசையவில்லை.

எதிரே வந்த ஒரு டாக்ஸி ஒதுங்கி நின்றது. ஸ்டேஷனிலிருந்து லாட்ஜுக்குப் போகவும் அந்தப் பாலம்தான் வழி. இறங்கியது அக்கா.

காரை மேலும் கீழும் பார்த்தாள். கரி படிந்திருந்த தங்கையின் கையைப் பார்த்தாள்.

“ஏண்டி, அன்னிக்கு நின்னது இந்த வண்டியா?”

“இதேதான்க்கா.”

“இப்படித்தான் நின்னுச்சா?”

தங்கை தலையை ஆட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கைக்குப் பக்கத்தில் வந்து டிக்கியில் இரண்டு கையையும் வைத்தாள்.

“தம்பி, ஏறி ஸ்டியரிங்கைப் பிடிங்க. டாக்ஸிக்காரரே, நீங்களும் ஒரு கை குடுங்க. ஆமா, என்ன பெட்ரோல் ஊத்துறீங்க இதுக்கு?”

“பிரீமியம்க்கா,” என்றது முன்னாலிருந்து ஒரு மெலிந்த குரல்.

“கிழிஞ்சுது!” என்று சிரித்துவிட்டாள் அக்கா.

“சிரிக்காதேக்கா, எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஏங்க! பிளக்கை மாத்தாம இன்னிக்கு நீங்க வீட்டுப் படி ஏறக்கூடாது, ஆமா!”

கார் மெல்ல நகர்ந்தது.