வெட்டாத சாரம்

கார்மென்ட்ஸ் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் அக்கா, கெலவரப்பள்ளி இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருவார். ஒல்லியான உடம்பு. மெஷின் மிதிப்பதுபோல் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். நிறுத்தம் வந்தால் மட்டும் கால் நிற்கும். ஜன்னலில் எட்டி ஆண்களின் முகங்களைத் துழாவுவார்.

மடியில், போரில் இறந்த சொந்தங்களின் துணிகளை வெட்டி ஒட்டுத் தைத்த போர்வை. அடிப்பக்கம் மட்டும் வெட்டாத முழு லுங்கி. இழுத்தால் கழன்றுவிடும் தையல்.

"இதை ஏங்க்கா கெட்டியா தைக்கல?"

"அது அண்ணான்ர சாரம். சின்ன வயசில காணாமப் போனவர். வந்தா உடுக்கக் குடுக்கவேணும்."

"சின்னப் பையனா போனவரு, இப்போ பெருத்திருப்பாரே?" நாளெல்லாம் சைஸ் பார்த்துத் தைக்கிற பழக்கம் எனக்கு.

"சாரத்துக்கு ஏது அளவு, பிள்ளை?"

மூக்கண்டப்பள்ளி நிறுத்தம் வந்தது. அவர் கால் நின்றது. நானும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.