ஏழாவது கட்டு

ரயில்வே ஆவண அறையில் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. மேலதிகாரிகூட அப்படித்தான் கூப்பிடுவார். ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. அவருக்கு ஒரு நாற்காலி. எதிரே இன்னொரு நாற்காலி, அதில் எப்போதும் கோப்புகள். நான் போய் நின்ற முதல் நாள், அவற்றை எங்கே இறக்கி வைப்பதென்று அவருக்கே தெரியவில்லை. அங்கே ஆள் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது.

நான் போனது ஆராய்ச்சிக்காக. முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன், பகலில் ஓடிய ஒரு பாசஞ்சர் வண்டி ஆற்றுப் பாலத்துக்கு முந்தைய வளைவில் தடம் புரண்டது. ஐந்து பெட்டிகள் கவிழ்ந்தன. அறுபத்துமூன்று பேர் இறந்ததாக அரசாங்கக் கணக்கு. அதைத்தான் முனைவர் பட்டத்துக்கு எடுத்திருந்தேன். எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்ததில், லீவில் போனால் முழங்கால் வலிக்காரர்கள் நாலு பேர் வீட்டு வாசலில் காத்திருப்பார்கள். இந்தக் கதையை ஆபீஸ் பியூனிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"வாங்க டாக்டரே. இந்தத் தூசிக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்துட்டு உள்ளே போங்க" என்பார் தினமும்.

பெரியக்கா சிரிக்கவும் மாட்டார், கடிந்துகொள்ளவும் மாட்டார். கேட்ட கோப்பை எடுத்து வைப்பார். மதியம் டப்பாவைத் திறந்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். கழுவித் துடைத்து மூடி வைத்தபின் மறுபடி வேலை. இரண்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசியதை எழுதினால் ஒரு பக்கம் நிரம்பாது. கணவர் அந்த விபத்தில் போய்விட்டார் என்பதே பியூன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோப்பில் அவர் பெயர் இறந்தவர்கள் பட்டியலில் இல்லை. 'காணவில்லை: ஒருவர்' என்று தனியாக ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரியை நான் விடவில்லை. அந்தத் தடத்தில் அன்று விற்ற டிக்கெட்டுகளின் எண்களை ஒரு பக்கம் எழுதினேன். கவிழ்ந்த பெட்டிகளில் கிடைத்தவை, காயம்பட்டவர்களும் தப்பியவர்களும் காட்டியவை இன்னொரு பக்கம். பாலத்துக்கு அப்பால் போக வாங்கியவற்றில் ஒன்றே ஒன்று இடித்தது. 0732. ஒரு சின்ன ஸ்டேஷனிலிருந்து கடைசி ஸ்டேஷன் வரைக்கும். அது எங்குமே கிடைக்கவில்லை.

"அக்கா, அறுபத்துமூணு இல்லை. அறுபத்துநாலு. உங்க வீட்டுக்காரரையும் சேர்த்தாகணும். நான் நிரூபிச்சிருக்கேன்" என்று நோட்டை நீட்டினேன். அவருக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் எண்ணைப் பார்த்தார்.

"இது நான் குடுத்த டிக்கெட்" என்றார். "அப்ப நான் அந்த ஸ்டேஷன்ல கவுன்டர்ல இருந்தேன். வேலை விஷயமா போறேன், மூணு நாள்ல வந்துடுவேன்னார். நானே தேதி குத்திக் குடுத்தேன். கல்யாணமாகி எட்டு மாசம்."

"சண்டை கிண்டை ஏதாவது..."

"சண்டை போடுற அளவுக்குப் பழகலையே தம்பி."

நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவரே கேட்டார். "டிக்கெட் கிடைக்கலேன்னா ஆள் செத்துட்டார்னு எப்படி எழுதுவே? நடுவுல இறங்கியிருந்தா?"

"கடைசி வரைக்கும் டிக்கெட் வாங்கினவர் ஏன் நடுவுல இறங்கணும்?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

எழுந்து போய், கடைசி அலமாரியின் அடித்தட்டிலிருந்து சணல் கயிறு கட்டிய ஏழு பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தார். விபத்துக்கு முன் வண்டி ஏழு ஸ்டேஷன்களில் நின்றிருக்கிறது. இறங்கியவர்களிடம் வாசலில் வாங்கிக்கொண்ட டிக்கெட்டுகளை விசாரணைக்காகக் கட்டி அனுப்பச் சொன்னார்களாம். கோளாறு தண்டவாளத்தில் என்று தெரிந்ததும் யாரும் இவற்றைத் தொடவில்லை. இப்படி ஏழு கட்டு இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. என் நிரூபணம் அந்த மேஜை மேலேயே படுத்துவிட்டது.

இந்த அறைக்கு மாற்றல் கேட்டு வந்ததே இவற்றுக்காகத்தான் என்றார். முதல் வருடமே ஆறு கட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டார். 0732 இல்லை. ஏழாவது, பாலத்துக்கு முந்தைய ஜங்ஷன். அதன் அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது. அதில் அந்த டிக்கெட் இல்லையென்றால் கணவர் வண்டியில் இருந்தார். இருந்தால், இறங்கிப் போனார்.

வருடா வருடம் அழிக்க வேண்டிய பழைய கோப்புகளின் பட்டியல் வரும். ஒவ்வொரு முறையும் இந்த ஏழுக்கும் நேராக 'விசாரணை நிலுவையில்' என்று எழுதிக் காப்பாற்றியிருக்கிறார். மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அடுத்து வருபவர் அப்படி எழுதப்போவதில்லை.

"என்ன செய்யலாம்கிறே?" என்றார்.

மறுநாள் பியூன் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினார். உள்ளே மெல்லிய கம்பியில் கோத்த அட்டை டிக்கெட்டுகள், ஓரமெல்லாம் பழுப்பேறி. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைப் படித்தார். கவுன்டரில் இருந்தவரின் குரல் அது, வேகமாக, ஏற்ற இறக்கமில்லாமல். நான் எழுதிக்கொண்டே வந்தேன். நூற்றறுபதைத் தாண்டியிருக்கும், குரல் நின்றது. ஒரு டிக்கெட்டை மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார்.

0732. தேதி சற்றுச் சாய்வாகக் குத்தியிருந்தது.

"டீ குடிக்க இறங்கியிருப்பார் அக்கா" என்றேன்.

"டீ குடிக்க இறங்குறவர் டிக்கெட்டை வாசல்ல குடுத்துட்டா போவார்?"

"வேற யாராவது இதை எடுத்து..."

"வேணாம் தம்பி. நீ நல்ல மனசோடதான் சொல்றே. வேணாம்." ஜன்னலைப் பார்த்தார். "அந்த ஜங்ஷன்லேர்ந்து மேற்கே ஒரு லைன் பிரியுது."

மிச்சம் இருந்தவற்றையும் ஒன்று விடாமல் படித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. கயிற்றை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார்.

"எழுதிக்கோ. அறுபத்துமூணுதான். என் ஒருத்திக்காகக் கூட்டிக் காட்டாதே."

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு, "உன் ரூம் பக்கம் சின்னதா வீடு ஏதாவது காலியிருக்கா?" என்று கேட்டார். "ஒரே வீட்லயே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். மாறினா வர்றவருக்கு எப்படித் தெரியும்னு."

கணவர் செத்துப்போனார் என்றே ஊரெல்லாம் சொல்லி வந்தவர் பெரியக்கா. நான் நோட்டை மூடி வைத்தேன்.

கடைசி நாளன்று மாடி ஹாலில் கூட்டம். மாலை, சால்வை, பிளாஸ்டிக் தட்டில் பிஸ்கட். எல்லோரையும் ஒரே மாதிரி வழியனுப்பும் தலைமை எழுத்தர் தாளைப் பிரித்தார். பெரியக்கா பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உறவுக்காரர்கள் உட்காரப் போட்டது.

"கோர விபத்தில் கணவரை இழந்தும், மனம் தளராமல், இந்த நிறுவனமே தன் குடும்பம் என்று..."

"இழக்கலை சார்" என்றார் பெரியக்கா, உட்கார்ந்தபடியே. "அவர் முந்தின ஸ்டேஷன்லயே இறங்கிட்டார்."

பியூன் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. தலைமை எழுத்தர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். விரலை இரண்டு வரி கீழே நகர்த்தி, நேரம் தவறாமையைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தார்.