குமணன்சாவடி சிக்னலில் மஞ்சள் விளக்கு

எங்கள் காரின் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கை முதன்முதலில் பார்த்தது குமணன்சாவடி சிக்னலில். மாங்காடு கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மடியில் பூவும் தேங்காயுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி இது, மஞ்சளா எரியுது? தண்ணி கொழா மாரி கீது."

"அது இன்ஜின் படம்மா."

"இன்ஜினுக்கு இன்னாவாம்?"

அதுதான் தெரியவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது. கோயிலில் அம்மா என் பெயருக்கும் தம்பி பெயருக்கும் அர்ச்சனை சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, காரின் நம்பரையும் சொன்னாள். குருக்கள் சிரிக்காமல் நட்சத்திரம் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் பிரகாரம் பக்கம் ஓட வேண்டியதாகிவிட்டது.

அந்தக் கார் நானும் தம்பியும் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன பெட்ரோல் வண்டி. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தே எங்களைப் படிக்கவைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பருத்திப்பட்டு ஏரிக்கரை ரோட்டில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். மூன்றாவது கியரைத் தாண்டியதில்லை. ஆனால் வீட்டில் சீரியல் பார்க்கும்போது அவளுடைய இடது கால் தானாகக் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்கும். விளம்பரம் வந்தால் கியர் மாற்றுவாள்.

மறுநாள் வண்டியை எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் புதிதாக ஒரு பெரிய ஸ்கேனர் வாங்கியிருந்தார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஷெட்டிலிருந்து வெளியே வருகிற நடையைப் பார்த்தால் நமக்கே காய்ச்சல் வந்துவிடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே வயரைச் செருகினார். திரையைப் பார்த்தார். முகத்தைத் தொங்கப்போட்டார்.

"பி ஜீரோ ஃபோர் ட்வெண்டி."

"யார்ரா ஃபோர் ட்வெண்டி? ஒழுங்கா பேசு" என்று அம்மா எகிறினாள்.

"யக்கா, உன்னிய சொல்லல. வண்டி குடுக்கிற நம்பரு அது. கன்வெர்ட்டர் அவுட்டுன்னு அர்த்தம். அழிச்சு உடறேன். திருப்பி வந்துச்சுன்னா மாத்தணும். இந்த வண்டிக்கு அதெல்லாம் கட்டுப்படியாவாது, சொல்லிட்டேன்."

அவர் அழித்தார். விளக்கு அணைந்தது. அன்றைக்கே அம்மா ஒரு பூசணிக்காயில் சூடம் ஏற்றி வண்டியைச் சுற்றி, குமணன்சாவடியில், யாருடைய டூவீலரும் வழுக்காத ஓரமாகப் பார்த்து உடைத்துவிட்டும் வந்திருந்தாள். இரண்டு வாரம் விளக்கு வரவில்லை; எங்களால் கோயிலுக்கும் போக முடியவில்லை. மெக்கானிக் தன் ஸ்கேனரைத் தட்டிக்கொடுத்தார். அம்மா பூசணிக்காயைப் புகழ்ந்தாள். நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டினேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது. அதே குமணன்சாவடி சிக்னலில்!

"பாத்தியா? இந்த முக்குலதான் எவனோ கண்ணு வெக்கிறான்" என்றாள் அம்மா, பழக்கடைக்காரரையும் டீக்கடைக்காரரையும் மாறி மாறி முறைத்தபடி. அடுத்த பூசணிக்காய் முதலாவதைவிடப் பெரிசு.

தம்பி பூசணிக்காய்க்கெல்லாம் மசிகிறவன் இல்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றான். அவனுடைய ஆபீசில் ஒருவர் பழைய கார் தேடிக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். "கன்வெர்ட்டர் நல்லா கீதுன்னா வச்சிக்கலாம் யக்கா. போயிருந்தா தள்ளி உட்டுட்டு புதுசு எடுக்கலாம். ஆனா ஒண்ணு, புது வண்டில அம்மா பழகக் கூடாது. கீறல் உயுந்தா என்னால தாங்க முடியாது."

அவன் கெட்டவன் இல்லை. புது வண்டியின் மேல் உயிரையே வைத்துவிடக்கூடிய ஜாதி, அவ்வளவுதான். அம்மா, "எதுக்குடா நைனா எனக்கு இந்த வயசுல" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அன்று இரவு சீரியல் ஓடும்போது அவளுடைய கால்கள் இரண்டும் சோபாவின் மேல் ஏறியிருந்தன. வண்டி போனால் அம்மாவின் லைசென்ஸும் போச்சு. ஒரு நம்பரை நம்பி அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். திரையில் வருகிற எரர் ஒரு சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை என்று ஆபீசில் தினமும் யாரிடமாவது சண்டை போடுகிறவள் நான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன ஸ்கேனரை வாங்கினேன். வண்டியில் செருகினால் இன்ஜினுக்குள் நடப்பதெல்லாம் போனில் தெரியும். அதை வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நின்ற கார்களையெல்லாம் சொந்தக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். இரண்டாவது மாடிக்காரரின் புத்தம்புதுக் காரில் ஒரு எரர் கிடைத்தபோது நான் போட்ட கூச்சலில் அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு பார்த்தால் அது சும்மா பேட்டரி கழற்றி மாட்டியபோது பதிவானது. இன்றுவரை அவர் என்னைப் பார்த்தால் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிவிடுகிறார்.

படித்துப் பார்த்ததில் விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. கன்வெர்ட்டர் என்பது இன்ஜின் புகையைச் சுத்தம் செய்கிற டப்பா. அதற்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எங்க கம்பெனில தெச்ச துணிய பாக்குறாங்களே, அந்த மாரி முன்னாடி ஒரு செக்கரு, பின்னாடி ஒரு செக்கரு. அப்டித்தான? நடுவுல வேல நடந்துச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே மாரி எயுத மாட்டாங்க. ஒரே மாரி எயுதுனா நடுவுல எவனும் வேல செய்லன்னு அர்த்தம்."

அவ்வளவேதான். முன் சென்சாரின் கோடு மேலும் கீழுமாகக் குதிக்கும். டப்பா வேலை செய்தால் பின் சென்சாரின் கோடு அமைதியாக நேராகப் போகும். பின்னாலும் அதே குதியாட்டம் என்றால் டப்பா செத்துவிட்டது.

புகைக் குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே நம்பர் வருமாம். எனவே சனிக்கிழமை காலை பார்க்கிங்கில் பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். அம்மா இன்ஜினை ஓடவிட்டுவிட்டு வந்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் மூடிப் பிடிக்க, எங்காவது புஸ்ஸென்று காற்று வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். எங்கும் வரவில்லை. வாட்ச்மேன்தான் ஓடிவந்தார். "மேடத்துக்கு இன்னா ஆச்சு?" என்று அவர் பதற, அம்மா நிதானமாக, "ஒண்ணும் ஆவல, வண்டி பேசுறத கேக்குறா" என்றாள்.

அப்போதுதான் குமணன்சாவடி மர்மமும் விலகியது. இந்தப் பரிசோதனையை வண்டி தானாகவே செய்துகொள்கிறது. ஆனால் சூடான இன்ஜினோடு ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் செய்யும். நான் ஆபீஸ் போகிற ஆவடி, அம்பத்தூர் நெரிசலில் அதற்கு ஏது வழி? வெள்ளிக்கிழமை மட்டும்தான் நாங்கள் ஊருக்குள் புகாமல் அவுட்டர் ரிங் ரோட்டைப் பிடித்து, சீராக ஓட்டிக்கொண்டு, பெங்களூர் ஹைவேயில் ஏறி பூந்தமல்லி தாண்டி வருவோம். விளக்கு ரிங் ரோட்டிலேயே எரிந்துவிடும். வெயிலில் அதை யார் பார்க்கிறார்கள்? குமணன்சாவடி சிக்னலில் நின்றால்தான் அம்மா டாஷ்போர்டில் ஒவ்வொன்றாக நோட்டம் விடுவாள். டீக்கடைக்காரர் பாவம், அநியாயமாக முறைப்பு வாங்கியிருக்கிறார். இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப பூசணிக்கா வேஸ்டா?" என்றாள். "அந்தாளுக்குத் திருஷ்டி கழிஞ்சிருக்கும்மா" என்றேன். இருவரும் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு சிக்கல். ரிங் ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டவும் வேண்டும், போனில் இரண்டு கோடுகளையும் பார்க்கவும் வேண்டும். இரண்டையும் நானே செய்ய முடியாது. தம்பிக்கு ஷிஃப்ட். மறுநாள் அந்த ஆபீஸ்காரர் வந்துவிடுவார்.

"நீ ஓட்டும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எல் போர்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று முன்னும் பின்னும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ரிங் ரோடு வரைக்கும் நான் ஓட்டினேன். ஓரமாக நிறுத்தி இடம் மாறினோம். ஹேண்ட் பிரேக்கின் மேல் என் கை தயாராக இருந்தது. அம்மா முதல் கியர், இரண்டு, மூன்று என்று போனாள். மூன்றில் கொஞ்சம் தயங்கினாள். ஒரு டிரெய்லர் லாரி எங்களைத் தாண்டிக்கொண்டு போனதில் வண்டியே ஆடியது. "அம்மா தாயே" என்றாள். அது என்னையா மாங்காட்டம்மாவையா, தெரியவில்லை. பிறகு நான்காவது. பிறகு ஐந்தாவது!

"அறுபதுல அப்படியே வைம்மா. காலை ஆட்டக் கூடாது."

அவள் ஆட்டவில்லை. எத்தனையோ வருஷம் மோட்டார் பெடலில் நூல் அறுபடாமல் அளந்து மிதித்த கால் அது. நான் ஓட்டினால் முள் ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்தைந்துக்கும் அலையும். அம்மாவுக்கு அது அறுபதில் ஆணி அடித்தது மாதிரி நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன்.

"கத்தாதடி! போனப் பாரு!"

போனைப் பார்த்தேன். முன் சென்சாரின் கோடு குதித்தது. பின் சென்சாரின் கோடும் குதித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பியடித்தது போல, ஏற்றம் இறக்கம் ஒன்றுவிடாமல் அப்படியே. மெக்கானிக் சொன்னது சரிதான். டப்பா செத்துவிட்டது.

"இன்னா சொல்லுது?"

என் மூஞ்சியை ஒரு நொடி ஓரக்கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"ரெண்டு செக்கரும் ஒண்ணாத்தான் எயுதுறாங்களா?"

"ஆமாம்மா."

அவள் வேகத்தைக் குறைப்பாள், ஓரம் கட்டுவாள் என்று நினைத்தேன். முள் அறுபதைவிட்டு நகரவில்லை. ஜன்னல் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. அம்மாவின் முன்நெற்றி முடி முழுக்கக் கலைந்து நின்றது, அதை ஒதுக்கக்கூட அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் உதடு மட்டும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

போன் அடித்தது. தம்பி. ஸ்பீக்கரில் போட்டேன்.

"யக்கா, அந்த சார் லைன்ல கீறாரு. நாளிக்கி வரவா வாணாமான்னு கேக்குறாரு. கன்வெர்ட்டர் இன்னா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சாலையைப் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னாள்.

"பூட்ச்சுடா நைனா. மொத்தமா பூட்ச்சு. போன வையி, நான் வண்டி ஓட்டிகினு கீறேன்."

தம்பியின் குரல் உயர்ந்தது.

"யாரு ஓட்றது? எங்க?"

"ரிங் ரோட்ல. டாப் கியர்ல. நல்லா கேட்டுக்கோ, அந்த ஆள வர வாணான்னு சொல்லிடு. வண்டி எனக்கு வோணும்."

அம்மா தனக்கென்று ஒன்றை வேண்டும் என்று கேட்டு நாங்கள் இருவரும் கேட்டதேயில்லை. தீபாவளிப் புடவைக்குக்கூட "கீறது போதும்" என்பவள் அவள். நான் போனை அவள் பக்கமாக நீட்டினேன்.

"சரிம்மா" என்றான் தம்பி. "விக்கல. கன்வெர்ட்டர் மாத்திக்கலாம். நீ ரோட்டப் பாரு."

அவன்தான் முதலில் போனை வைத்தான்.