ஓரத்து விதை

பருத்தியில் புழு விழுந்து போன் போடுகிறவர்களின் காதில் முதலில் விழுவது இவள் குரல்தான். விதைக் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். இவள் மட்டும் நிலைத்து நின்றாள். கொதித்துக்கொண்டு பேசுகிற ஆளை இரண்டே வார்த்தையில் தடவிக் கொடுத்து அடக்கிவிடுவாள் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் மயிலிறகு. அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. இருக்காதா பின்னே, அந்தச் சம்பளத்தில்தானே மாமியாரின் மருந்தும் மகளின் படிப்பும் ஓடின.

கம்பெனி விற்றது மரபணு மாற்றிய பருத்தி விதை. செடிக்குள்ளேயே புழுவைக் கொல்லும் நஞ்சு இருக்கிறது, மருந்தடிக்கவே வேண்டாம் என்று சுவரெல்லாம் விளம்பரம். பையோடு ஒரு சின்னப் பொட்டலமும் வரும். அதில் இருப்பது சாதா விதை; வயலைச் சுற்றி ஓரத்தில் போட வேண்டும். சில புழுக்களாவது நஞ்சில்லாத செடியைத் தின்று வளர்ந்தால்தான், நஞ்சைத் தாங்கும் புழு பெருகாமல் இருக்குமாம். புழுவுக்கு விருந்து வைக்க எந்த விவசாயி நிலத்தை ஒதுக்குவான்? பையைப் பிரித்த கையோடு பொட்டலத்தை மூலையில் வீசிவிடுவார்கள். கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் புகார்ப் பிரிவுக்கு முதல் கேள்வியை எழுதிக் கொடுத்திருந்தது.

“ஓரத்துல சாதா விதை போட்டீங்களாண்ணே?”

“இல்லம்மா, அது எதுக்குன்னு…”

அவ்வளவுதான். திரையில் ‘விவசாயியின் தவறு’ என்று ஒரு கட்டம். அதை அமுக்கினால் புகார் முடிந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலையைக்கூட இவள் இனிக்க இனிக்கச் செய்தாள்.

தன் அண்ணன் மட்டும் அந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று விதைப்புக்கு முன்பே அவனை நச்சரித்தாள். “தங்கச்சி சொல்லிட்டா, தட்ட முடியுமா?” என்று அவனும் பக்கத்து வயல்காரர்கள் சிரிக்கச் சிரிக்க ஓரத்தில் விதை போட்டான். காய் பிடிக்கும் சமயத்தில் புகார் எண்ணுக்கே பேசினான்.

“காயெல்லாம் ஓட்டை. உள்ள புழு நெளியுது.”

“ஓரத்து விதை போட்டியா?” பழக்க தோஷம், வாய் கேட்டுவிட்டது.

“போட்டேம்மா. ஒண்ணுகூட முளைக்கல. தோண்டிப் பாத்தேன், மக்கிப் போய் கிடக்கு. நீ கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல.”

மறுநாளே இவள் கம்பெனிக் கிடங்கில் கேட்டு நான்கைந்து பொட்டலம் வாங்கி, ஈரத்துணியில் முடிந்து வைத்தாள். ஒரு விதைகூட முளை காட்டவில்லை. யாரும் விதைக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் செத்த விதையை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள், படுபாவிகள்! விவசாயியைக் குற்றவாளி ஆக்க ஒரு பொட்டலம் வேண்டும். அதற்குள் என்ன இருந்தால் அவர்களுக்கென்ன?

மேலாளர் மேசையில் துணியை விரித்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

“வேற யாராவது முளைக்கலன்னு சொன்னாங்களா?”

“யாருமே போடல சார், அப்புறம் எப்படிச் சொல்வாங்க?”

“அப்போ உங்க அண்ணன் சரியா தண்ணி விடல. போய் வேலையப் பாருங்க.”

வேலையைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து கேள்வி மாறியது. “அந்தப் பொட்டலம் வீட்டுல எங்கயாவது கிடக்கான்னு பாருங்கண்ணே. ஈரத்துணியில கட்டி வைங்க. முளைக்கலன்னா துணியோட வேளாண் அதிகாரிகிட்ட போய் நில்லுங்க.”

வேலை போயிற்று. ஆனால் துணி முடிச்சும் கையுமாக வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, அழிந்த பயிருக்கு யார் பொறுப்பு என்று அதிகாரி விசாரணை வைத்தே ஆக வேண்டியதாயிற்று.

கம்பெனி வக்கீல் நல்ல பிள்ளையாக எழுந்தார். “எங்ககிட்ட ஒளிவுமறைவே கிடையாதுங்க” என்று சொல்லிப் பதிவு செய்த அழைப்புகளை ஒலிபெருக்கியில் போட்டார். எல்லாவற்றிலும் இவள்தான். இவள் குழைந்து குழைந்து கேட்கிறாள், எதிர்முனையில் விவசாயி இல்லை என்கிறான், புகார் முடிகிறது.

“பாத்தீங்களா? விசாரிக்காமலே புகாரை மூடினது இந்தம்மா. கம்பெனி இல்ல. அதான் வேலைய விட்டு அனுப்பிட்டோம்.”

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அறையில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தான். அவளுக்கு அவமானம் சுட்டது; ஆத்திரம் அதைவிடச் சுட்டது.

“ஆமாங்க, என் குரல்தான். நான் பண்ணினது தப்புதான், இல்லேன்னு சொல்லல. அந்தக் கேள்விய எழுதிக் குடுத்தது யாரு? செத்த விதைய அடைக்கச் சொன்னது யாரு? பேரச் சொல்லச் சொல்லுங்க!”

அதிகாரி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தாள்களை அடுக்கியபடியே சொன்னார்: “அதெல்லாம் தொழில் ரகசியம். வெளிய சொல்ல முடியாதுங்க.”

“என் குரல மட்டும் ஊருக்கே போட்டுக் காட்டலாமா?”

‘பொறுப்பானவர்’ என்ற இடத்தில் எழுத அதிகாரிக்குக் கிடைத்த பெயர் அவளுடையது ஒன்றுதான். அதையே எழுதிக்கொண்டார்.