அத்தை ஏறாத வருஷம்

எதிர்த்த மனையில் வீடு கட்டுகிறார்கள். தெருவில் கொட்டிவைத்த மணலில், சாப்பாடு கொண்டுவந்த பையனின் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. அவன் முறுக்க முறுக்கப் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, தொண்டை கட்டியவன் பாடப் பார்ப்பதுபோல் ஒரு முனகல். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அந்த முனகல் எனக்குப் பழக்கம். "முறுக்காதப்பா, எறங்கித் தள்ளு" என்று கத்தினேன். கத்தியது நான், வார்த்தை என் மாமாவுடையது.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடம். தண்ணீர் வருகிற மாதங்களில்தான் அது ஆறு. மாசி பிறந்தால் மணல், மணல், நடுநடுவே நாணல், நாணலுக்குப் பின்னால் லாரிக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன குழிகள். குழிக்குள் பச்சைத் தண்ணீர் ஒன்றும் அறியாத முகத்தோடு படுத்திருக்கும். அக்கரையின் பாலும் பூவும் கத்தரிக்காயும் இந்த மணலைத் தாண்டித்தான் எங்கள் தெருக்களுக்கு வந்தன. பாலம் இருந்தது, வெகு தள்ளி. அதைச் சுற்றி வருவதற்குள் பால் திரிந்துவிடும் என்பார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. பட்டறை வேலை. எங்கள் வீட்டு மாடியில்தான் அவரும் அத்தையும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் நாலைந்து கூட்டாளிகளோடு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவார். மணல் எங்கே ஏமாற்றுகிறது என்று குத்திக் குத்திப் பார்ப்பார்கள். உறுதியான தரையாகப் பார்த்து நாணலை அறுத்துப் பரப்பி, மேலே தென்னங்கீற்று, அதற்கும் மேலே வைக்கோல், தண்ணீர் தெளித்து, மிதி மிதியென்று மிதித்து, ஒரு மொபெட் போகிற அகலத்துக்குப் பாதை. குழி இருக்கிற பக்கமெல்லாம் கம்பு நட்டுச் சிவப்புத் துணி. யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் கூலி தரவில்லை. ஆடியில் தண்ணீர் வந்து அத்தனையையும் சுருட்டிக்கொண்டு போகும். அடுத்த மாசியில் மறுபடி முதலிலிருந்து. அப்பா இதற்கு, ஆற்றுக்குப் பாய் விரிக்கிற உத்தியோகம் என்று பெயர் வைத்திருந்தார். பெயர் வைத்த கையோடு மாமாவுக்கு ஒரு புது மண்வெட்டியும் வாங்கி வந்தார்.

ஒரு வழக்கம் இருந்தது. பாதை திறக்கிற அன்று, போட்டவர் தன் வீட்டு ஆள் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து அக்கரை வரை ஓட்டிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் அக்கரைக்காரர்கள் வண்டியை இறக்குவார்கள். வருஷா வருஷம் ஏறியது அத்தைதான், பட்டுப்புடவையில், ஊர்வலம் போகிறவள் மாதிரி. கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவர்களுக்குக் குழந்தையில்லை. அத்தை ஏறாத கோயில் படியில்லை. அதனால், தம்பிப் பாப்பா பிறக்கும்வரை, மாடிக்கும் நானே பிள்ளை, கீழேயும் நானே பிள்ளை. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

அந்த வருஷம் பாதைக்குக் கெட்ட பெயர். முந்தின கோடையில் ஓரம் சரிந்து, பால்காரர் ஒருவர் கேனும் வண்டியுமாகக் குழிக்குள் போய்க் காலை ஒடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அக்கரை நம்பினால்தான் உண்டு. நம்பாவிட்டால் ஆளுக்கொரு வழியாக இறங்குவார்கள். ஒவ்வொரு வழியிலும் ஒரு குழி காத்திருக்கும். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

திறப்புக்கு முந்தின சாயங்காலம் அவர் அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் ஏதோ குசுகுசுத்தார். அம்மா இடுப்பில் தம்பிப் பாப்பா. பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஆற்றில் கால் நனைக்கக்கூட விடாத அம்மா, மறுநாள் விடியற்காலையில் எனக்குத் தலை வாரி, கண்ணில் நீர் வருமளவுக்கு இறுக்கிப் பின்னிவிட்டாள். அத்தை படியிறங்கி வந்து, "அண்ணி, வேண்டாம். நானே போறேன், எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "நீ மேல போய்ப் படு" என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

மாமாவின் மொபெட்டில் பின்னால் நான். கீழே கீற்று நொறுங்குகிற சத்தம். பெட்ரோலும் ஈர நாணலும் கலந்த வாசனை. இரண்டு பக்கமும் சிவப்புத் துணிகள் படபடத்து எங்களை வழியனுப்பின. எப்போதும் பாடிக்கொண்டே ஓட்டுகிற மாமா அன்று வாய் திறக்கவில்லை. நட்டாற்றில்தான் கேட்டார்.

"பயமா இருக்கா?"

"இல்ல மாமா."

"எனக்கு இருக்கு."

அக்கரையில் கூட்டம். முன்னால் அந்தப் பால்காரர், காலை இழுத்துக்கொண்டு. பக்கத்தில் கூடையோடு பூக்காரம்மா.

"என்னண்ணே" என்றார் பால்காரர். "வருஷா வருஷம் வீட்டுக்காரம்மாதான வருவாங்க. இந்தத் தடவ அக்கா புள்ளையா? பாத மேல அவ்ளோ நம்பிக்கையா?"

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல."

"என்ன ஒடம்புக்கு?"

மாமா துண்டால் ஹேண்டில்பாரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. "தலைவலி" என்றார்.

"பாத தொறக்கற அன்னிக்குன்னு பாத்து வர்ற தலைவலி. போன வருஷம் எனக்கு வந்திருந்தா கால் தப்பிச்சிருக்கும்."

கூட்டம் சிரித்தது. பின்னால் இருந்த இரண்டு பேர் குழிகள் இருக்கிற பழைய வழிக்கு வண்டியைத் திருப்பினார்கள். ஊரையே பேச்சில் மடக்குகிற மாமா, புளுகத் தெரியாமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தலைவலியெல்லாம் இல்ல. காலைல எந்திரிச்சா அத்த வாந்தி எடுக்கறாங்க. அம்மா மாங்கா நறுக்கி உப்பு போட்டு அவங்களுக்கு மட்டும் குடுக்கறாங்க. என்னைய ஒரு துண்டு தொட விடல."

சிரிப்பு நின்றது. பூக்காரம்மா மாமாவைப் பார்த்தாள். மாமாவின் காது சிவந்திருந்தது. அவள் பால்காரர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"வாய மூடிக்கிட்டு வண்டிய எறக்குடா."

பால்காரர் முதுகைத் தடவிக்கொண்டார். கேன்களைக் கட்டி, முதல் ஆளாகப் பாதையில் இறங்கினார். திரும்பிய வண்டிகளும் அவர் பின்னால் வரிசை கட்டின. மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வியர்வை என்று நினைத்தேன்.

ஆற்றைக் கடந்த வீராங்கனை நான். ஆனால் வந்ததெல்லாம் அத்தைக்கு. கூடையிலிருந்து முழம் போடாமல் அப்படியே அள்ளிய மல்லிகை, வாழையிலையில் கட்டி என் மடியில், அத்தைக்கு. யாரோ ஒரு பை நெல்லிக்காய், அதுவும் அத்தைக்கு. வராத ஆளுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று எனக்கு விளங்கவேயில்லை. மாமா வண்டியைத் திருப்பினார். பூக்காரம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அடுத்த வருஷம் உன்னைய ஏத்த மாட்டாரு கண்ணு உங்க மாமா. வேற ஆளு வந்துரும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டி கிளம்பிவிட்டது. பூவையும் நெல்லிக்காயையும் அணைத்தபடி, திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன், நான் ஆடாமத்தான உக்காந்து வந்தேன்?"