மர ஓட்டுக்கு எனாமல் அடித்தோம்

முப்பது வருடமாகப் பெயிண்டிங் வேலை பார்க்கிறேன். ஒரு வீட்டுக்காரரிடம் தப்பு என்னுடையது என்று சொல்ல நேர்ந்தது ஒரே ஒரு முறைதான்.

கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை கிராமத்தில் வசந்தா அம்மா என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் ஒரு யோகா கூடம் கட்டினார். கூரைக்கு ஓடு இல்லை. தேவதாரு மரத்தில் சின்னச் சின்னப் பலகைகளை ஓடு போலவே அடுக்கி ஆணி அடித்திருந்தார்கள். "காபிக்கொட்டை கலர் வேணுங்க. பல வருஷம் நிக்கணும்" என்றார். கதவுக்கு அடிப்பது போல ஒரு பிரைமர், அதன்மேல் எனாமல் இரண்டு கோட் அடித்தோம். பளபளவென்று இருந்தது. கிரிவலம் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஐப்பசி மழை முடிந்ததும் போன் வந்தது. ஏறிப் பார்த்தால் பெயிண்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்து உரிந்து கிடந்தது. ஒரு பலகையைக் கழற்றினேன். அடிப்பக்கம் கறுத்து, ஊறிப் போயிருந்தது. இடுக்கில் புகுந்த தண்ணீர் காய விடாமல் எனாமல் மூடிவிட்டது.

என்னோடு கூட்டாக வேலை எடுக்கும் செல்வம் மெதுவாகச் சொன்னான்: "மரம் சரியில்லனு சொல்லிடலாம்ணா. அந்தம்மாவுக்கு என்னா தெரியும்?"

கீழே இறங்கினேன். "என்னங்க ஆச்சு?" என்றார் வசந்தா அம்மா. கழற்றிய பலகையை அவரிடம் நீட்டினேன்.

"மரத்து மேல தப்பு இல்லம்மா. தெரியாத வேலைய தெரிஞ்ச மாதிரி செஞ்சிட்டோம்."

அவர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். "சரி. ஆனா இனிமே என் கூரைல கத்துக்காதீங்க. வேற எடத்துல கத்துக்கினு வாங்க."

கூரைக்குத் தார்ப்பாய் போட்டோம். நாலு பலகையை வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதமாக அடித்து வைத்தேன். ஒரு கோடை, ஒரு மழை. எனாமலும் வார்னிஷும் உரிந்தன. வெறும் எண்ணெய் வெளுத்தது. எண்ணெயில் கலர் கலந்த ஸ்டெயின் மட்டும் மரத்துக்குள் இறங்கி நின்றது. லேசாக மங்கியது, உரியவில்லை.

அதன்பிறகுதான் கூரையைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு ஸ்டெயின் கொடுத்தோம். ஊறிப் போனவற்றுக்குப் பதிலாகப் போட்ட புதுப் பலகைகளை ஸ்டெயின் தொட்டியில் முழுசாக முக்கி எடுத்து, இரண்டு பக்கமும் காய்ந்த பிறகே ஏற்றினோம். இன்றுவரை அங்கே சுரண்டும் வேலை வரவில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை தூசியைக் கழுவி ஒரு கோட், அவ்வளவுதான்.

இப்போது பழக்கமில்லாத மரம் வந்தால், ஒரு துண்டு வாங்கி வெயிலிலும் மழையிலும் போட்டுப் பார்க்காமல் வேலைக்குத் தேதி சொல்வதில்லை. "அவ்ளோ நாள் ஆவுமா?" என்று சிலர் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள். போகட்டும்.