பாஞ்சாலை போர்த்திய பொன்னாடை

அன்று காலையில் பாஞ்சாலை பெருக்கிய வாசலையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு வழியனுப்பு விழா. பொன்னாடை போர்த்த வேண்டியவள் அவள். புருஷன் இருசப்பனோ, "அந்தம்மாவுக்கு நீ பொன்னாடை போத்துனேன்னு வெச்சிக்கோ, அப்பால வூட்டுப் பக்கம் தலைவெச்சிப் படுக்காத" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருந்தான். வீடு என்னவோ அவள் அப்பன் சடையன் அடி அண்ணாமலையில் கல் சுமந்து கட்டியது. இருசப்பன் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்த வீட்டோடு மாப்பிள்ளை. ஆனாலும் அவன் உறுமினால் அது அவன் வீடாகிவிடும்.

கோர்ட்டைக் கூட்டிப் பெருக்குகிற பாஞ்சாலைக்கு இந்த மரியாதை ஆம்பிளைகளின் கூச்சத்தால் வந்தது. ஒரு பெண்மணியின் தோளில் ஆண்பிள்ளை துணி போர்த்தலாமா என்று வக்கீல்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அங்கே பெண் வக்கீல் ஒருத்தர்கூடக் கிடையாது. வக்கீல்களின் சம்சாரங்களோ, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் மேடையேற மாட்டோம் என்றுவிட்டார்கள். சட்டத்தைக் கரைத்துக் குடித்த அத்தனை பேரும் கடைசியில் துடைப்பத்தோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதாம்மா போத்தணும். மைக்ல ரெண்டு வார்த்தை பேசிடு" என்றார் வக்கீல் சங்கச் செயலாளர் அருணகிரி. மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டிவைத்தாள்.

அந்தக் கோர்ட்டு நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் ஆதிலட்சுமி அம்மாதான். எழுபத்தெட்டாம் வருஷம் வந்த புதிதில், வழக்கே இல்லாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். வக்கீல்கள் பழக்க தோஷத்தில் 'சார்' என்று கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அம்மா எதையும் கண்டுகொள்ளவில்லை. ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்களின் வழக்கைத்தான் முதலில் எடுப்பார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண்கள் இருட்டுவதற்குள் பஸ் பிடித்து வீடு சேர வேண்டும் என்பார். வராந்தாவில் கால் கடுக்க நின்றவர்களுக்கு பெஞ்சு போடவைத்தார். இதெல்லாம் பாஞ்சாலை பிற்பாடு கண்டது. முதலில் கண்டது வேறு.

இருசப்பன் விறகுக்கட்டையால் அடித்ததில் அவள் வலது கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் அதோடு விடவில்லை. போலீசில் சொன்னாள், கேஸாகிவிட்டது. கூண்டேறிய பாஞ்சாலை, "கெணத்துப் படியில வழுக்கி வுழுந்துட்டேங்க" என்று சாதித்தாள்.

அம்மா அவளையே பார்த்தார். "கையைத் தூக்கு" என்றார். தோளுக்கு மேல் எழும்பவில்லை. "நீ சொன்னதை எழுதிக்கிட்டேன். டாக்டர் சொன்னதும், பார்த்தவங்க சொன்னதும் இருக்கு" என்று மட்டும் சொன்னார். இருசப்பனுக்கு ஆறு மாதம் கிடைத்தது.

ஊர் அவளைப் பிய்த்து எடுத்துவிட்டது. புருஷனைக் காப்பாற்றப் பொய் சொன்னவளுக்கு, புருஷனை உள்ளே தள்ளியவள் என்ற பெயர். அடுப்பு எரிய வேண்டுமே, அவனைத் தண்டித்த கோர்ட்டையே கூட்டுகிற வேலைக்குப் போனாள். இத்தனை நாள் அம்மாவின் அறையைப் பெருக்கியும் ஒரு தடவைகூட முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. கோபம் அம்மாவின் மேலா, தன் மேலேயா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்த இருசப்பன் அடிப்பதை விட்டிருந்தான். கட்டையை மட்டும் அவள் கண்ணில் படும்படி கதவோரம் சாத்தி வைத்திருந்தான்.

சாயங்காலம் ஆயிற்று. பதவி உயர்ந்து வேலூருக்குப் போகிற அம்மாவை வக்கீல்கள் ஒருவர் மாற்றி ஒருவர் புகழ்ந்து தள்ளினார்கள். பாஞ்சாலையின் காதில் ஒன்றும் ஏறவில்லை. கோர்ட் வாசல் கேட்டுப் பக்கம் பீடியும் கையுமாக இருசப்பன் நின்றிருந்தான்.  பொன்னாடையை அருணகிரியிடமே கொடுத்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. இன்றைக்குத் தப்பித்துவிடலாம். நாளைக்கும் கதவோரம் அந்தக் கட்டை இருக்குமே.

அம்மா எழுந்து நின்றார். நல்ல உயரம். பாஞ்சாலையின் இடது கை அம்மாவின் தோளுக்கு எட்டியது, வலது கை தன் தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. பொன்னாடை ஒரு பக்கமாகச் சரிந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, அந்தக் கோர்ட்டில் யாருக்கும் வளைந்து பார்த்திராத அம்மா, அவள் கை எட்டுகிற அளவுக்குக் குனிந்தார். போர்த்தி முடிகிறவரை நிமிரவில்லை.

 அருணகிரி மைக்கை நீட்டினார். 'அம்மா நல்லவங்க' என்று சொன்னால் போதும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

"நான் கெணத்துப் படியில வுழலீங்கம்மா" என்றாள் பாஞ்சாலை. "எங்க வூட்டுக்காருதான் அடிச்சாரு. பயந்துகினு பொய் சொல்லிட்டேன். நான் பொய் சொல்லியும் நீங்க எனக்கு நியாயம் செஞ்சீங்க."

கை தட்டலாமா என்று தெரியாமல் வக்கீல்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.  அம்மா அவள் வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்து வைத்துக்கொண்டார்.

கேட்டைத் தாண்டும்போது இருசப்பன் மறித்தான். "இன்னா சொன்னேன் உனக்கு? வூட்டுப் பக்கம் வராதன்னு சொன்னனா இல்லியா?"

பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"யாரு வூடு?" என்றாள். "எங்கப்பன் கட்டுன வூடு அது. வராதன்னு சொல்லணும்னா நான்தான் சொல்லணும். சொல்றேன், வராத."

அவன் கையை ஓங்கினான். ஆனால் மைக்கில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் அந்தக் கையைத்தான் பார்த்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பாஞ்சாலை இடுப்பைத் தடவி, வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது. அடி அண்ணாமலைப் பக்கம் நடையைக் கட்டினாள்.